பாலிம்ப்செஸ்ட்: சுரண்டப்பட்ட ஏட்டிலிருந்து வந்த சொல்

வரலாறு, இலக்கியத் திறனாய்வு, நகரமைப்பு ஆகியவை பற்றிய ஆங்கில எழுத்துகளில் ‘பாலிம்ப்செஸ்ட்’ என்ற சொல் அவ்வப்போது தலைகாட்டும். அதன் பொருள் என்ன, கிரேக்கத்தில் அதன் வேர் எது, அடுக்கடுக்காக அமைந்த எதையும் அச்சொல்லால் குறிக்கலாமா என்பவையே இங்கு எழும் மூன்று கேள்விகள். முதல் இரண்டிற்கும் சில வரிகளில் விடை சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்விக்கு விடை காண, அந்தச் சொல்லைப் பிறப்பித்த ஏடுகளையும், அவற்றை அழித்தவர்களையும், பல நூற்றாண்டுகள் கழித்து அவற்றைப் படித்தெடுத்தவர்களையும் பார்த்தாக வேண்டும்.

ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததைச் சுரண்டியோ கழுவியோ அகற்றிவிட்டு, அதே பரப்பின் மேல் வேறொன்றை எழுதிய சுவடிக்கே பாலிம்ப்செஸ்ட் என்று பெயர். பழைய எழுத்து பெரும்பாலும் முற்றாக மறைவதில்லை. புதிய வரிகளுக்கு அடியிலும் இடையிலும் மங்கலாகத் தங்கியிருக்கும். அறிஞர்கள் அதை அடியெழுத்து என்றும், பின்னர் எழுதியதை மேலெழுத்து என்றும் பிரித்துப் பேசுவார்கள். ஆங்கிலத்தில் இச்சொல்லை ஒலிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். லத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்த இச்சொல், நெடுங்காலம் சுவடி ஆய்வாளர்களின் வட்டத்திற்குள்ளேயே இருந்தது.

கிரேக்கத்தில் மூலச்சொல் ‘பலிம்ப்ஸேஸ்டோஸ்’. இதன் முற்பகுதியான ‘பலின்’ என்பதற்கு ‘மீண்டும்’, ‘திரும்ப’ என்று பொருள். பிற்பகுதி, தேய்த்தல், சுரண்டி வழவழப்பாக்குதல் என்னும் பொருளுடைய ‘ப்ஸேன்’ என்ற வினையிலிருந்து வந்தது. இரண்டும் சேரும்போது ‘பலின்’ என்பதன் இறுதி னகர ஒலி, அடுத்து வரும் பகர ஒலிக்கு இணங்கி மகரமாகத் திரிகிறது. மூக்கொலி தன்னை அடுத்து வரும் வல்லொலிக்கு இனமாக மாறும் இந்தப் புணர்ச்சி தமிழ் இலக்கணம் அறிந்தவர்களுக்குப் புதிதன்று. அதே ‘பலின்’தான் இருபுறமிருந்தும் ஒன்றுபோலப் படிக்கத்தக்க தொடரைக் குறிக்கும் ‘பாலிண்ட்ரோம்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. அங்கே அதனுடன் சேர்ந்திருப்பது ‘ஓட்டம்’ என்னும் பொருள்படும் ‘ட்ரோமோஸ்’. முன்பு பாடியதை மறுத்துப் பாடும் பாட்டைக் குறிக்கும் ‘பாலினோட்’ என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆக, நேர்ப்பொருளில் பாலிம்ப்செஸ்ட் என்பது ‘மறுபடி சுரண்டப்பட்டது’. இதில் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. இந்தச் சொல்லில் எழுதுதல் என்ற கருத்தே இல்லை. மறுபடி எழுதப்பட்டது என்று கிரேக்கர்கள் இதற்குப் பெயரிடவில்லை. மறுபடி தேய்க்கப்பட்டது என்றே பெயரிட்டார்கள். ஏட்டை ஆயத்தம் செய்யும்போது அதன் பரப்பு ஒரு முறை தேய்த்துச் சமன் செய்யப்படுகிறது. எழுதியதை நீக்குவதற்காக இன்னொரு முறை தேய்க்கப்படுகிறது. ‘மீண்டும்’ என்ற அடைமொழிக்கு இந்த விளக்கமே பொருத்தமாகத் தெரிகிறது. பின்னால் வந்த லத்தீன் அறிஞர்கள் இத்தகைய சுவடியை ‘கோடெக்ஸ் ரெஸ்கிரிப்டுஸ்’, அதாவது ‘மறுபடி எழுதப்பட்ட சுவடி’ என்று அழைத்தபோதுதான் கவனம் சுரண்டலிலிருந்து எழுத்துக்கு நகர்ந்தது. என் கணிப்பில் கிரேக்கப் பெயரே கூர்மையானது. ஏனெனில் இந்தப் பொருளைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்துவது அழிப்புதான். எழுத்து எல்லா ஏட்டிலும் இருக்கிறது.

பழங்காலத்தவர் இச்சொல்லை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் எஞ்சியிருக்கின்றன. கி.மு. 53இல், சீசரின் படையோடு கால் நாட்டில் (இன்றைய பிரான்சை உள்ளடக்கிய பகுதியில்) தங்கியிருந்த ட்ரெபாட்டியுஸ் என்னும் இளம் சட்ட அறிஞருக்கு ரோமானியப் பேச்சாளரும் அரசியலாளருமான சிசரோ எழுதிய கடிதம் அவற்றுள் ஒன்று. ட்ரெபாட்டியுஸ் பழைய தாளை அழித்து அதிலேயே கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். அந்தச் சிக்கனத்தைப் பாராட்டும் சிசரோ, இந்தக் கடிதத்தை எழுதுவதற்காக அழிக்கத் தகும் அளவுக்கு அந்தத் தாளில் முன்பு என்னதான் இருந்தது என்று வியக்கிறார். உம்முடைய சட்டவாசகங்களாகத்தான் இருக்க வேண்டும், என் கடிதங்களை அழித்துவிட்டு உம்முடையதை எழுதுகிறீர் என்று நான் எண்ணவில்லை என்று நண்பரைச் சீண்டுகிறார். அதே காலத்துக் கவிஞர் கட்டுல்லுஸ், ஆயிரக்கணக்கில் அடிகளை எழுதிக் குவித்த ஒரு சுமாரான கவிஞரைக் குறிப்பிடும்போது, அவர் மற்றவர்களைப் போல அழித்தெழுதும் ஏட்டில் எழுதாமல் உயர்ந்த புத்தம்புதுத் தாளில் எழுதுகிறார் என்கிறார். இவற்றிலிருந்து, அக்காலத்தில் பாலிம்ப்செஸ்ட் என்பது வரைவுகளுக்கும் அவசரக் கடிதங்களுக்கும் உரிய மலிவான பொருளாக இருந்தது என்பது தெளிவாகிறது. இன்று அச்சொல்லைச் சூழ்ந்திருக்கும் மர்மமும் அழகும் அன்று அதற்கு இல்லை.

உருவகமாக அதை ஆளும் வழக்கமும் பழையதே. சிசிலித் தீவின் சர்வாதிகாரி டயோனீசியுஸைத் திருத்தும் நோக்கத்துடன் பிளேட்டோ அங்கே சென்றதைப் பற்றிச் சொல்லும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், பிளேட்டோ அங்கு கண்ட மனிதர் ஏற்கெனவே கறைகள் நிறைந்த, அழித்தெழுதிய ஏட்டைப் போல இருந்தார் என்கிறார். கொடுங்கோன்மையின் சாயம் அவருடைய உள்ளத்தில் ஊறிப்போய், எளிதில் கழுவ முடியாததாகிவிட்டது என்பது கருத்து. நல்லதை எழுத வேண்டுமென்றால் தூய பரப்பு வேண்டும். இங்கோ பழைய எழுத்து போக மறுக்கிறது. இன்றைய எழுத்தாளர்கள் பாலிம்ப்செஸ்டை வளமையின் அடையாளமாகக் காண்கிறார்கள். புளூட்டார்க்கோ அதைக் கெட்டுப்போன பரப்பாகக் கண்டார்.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் எழுதுபொருளிலேயே இருக்கிறது. சிசரோ குறிப்பிடும் தாள், ஒருவகை நாணலின் நாரால் செய்த பாப்பிரஸ். அதில் எழுதிய மை புகைக்கரியும் பிசினும் கலந்தது. அது நாரின் மேல் படிந்திருக்குமே தவிர ஆழமாக இறங்காது, ஈரப் பஞ்சால் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும். பின்னர் பதப்படுத்திய விலங்குத் தோலாலான பார்ச்மென்ட் ஏடு பரவியது. அதில் மாசிக்காய்ச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து செய்த மை பெருவழக்கானது. இந்த மை தோலைக் கடித்துப் பற்றிக்கொள்ளும். கத்தியால் வழித்தாலும், நுரைக்கல்லால் தேய்த்தாலும், பாலில் ஊறவைத்துக் கழுவினாலும், கண்ணுக்குத் தெரியும் கருமை நீங்குமேயன்றி, தோலுக்குள் இறங்கிய இரும்பு நீங்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அழித்த எழுத்து பழுப்பு நிறத்தில் தானே மெல்ல எழுந்து வருவதும் உண்டு. பாலிம்ப்செஸ்டின் புகழ் முழுவதும் இந்த வேதியியலை நம்பியே நிற்கிறது. பாப்பிரஸிலேயே அது நின்றுபோயிருந்தால், அந்தச் சொல் பழைய அகராதிகளின் மூலையில் மட்டும் கிடந்திருக்கும்.

தோலேட்டை ஏன் அழித்தார்கள் என்ற கேள்விக்கு, கிறித்தவத் துறவிகள் பிற சமயத்தாரின் நூல்கள் மீது கொண்ட வெறுப்பால் அழித்தார்கள் என்ற விடை அடிக்கடி சொல்லப்படுகிறது. இது உண்மைக்கு நெருக்கமானது அன்று. ஒரு விலங்கின் தோலில் சில தாள்களே கிடைக்கும். ஒரு பெரிய நூலுக்கு ஒரு மந்தையே வேண்டியிருந்தது. ஆகவே யாருக்கும் பயன்படாத ஏடு எதுவாயினும் அது மூலப்பொருளாகிவிட்டது. வழக்கொழிந்த வழிபாட்டு முறைகள், காலாவதியான சட்டத் தொகுப்புகள், படிப்பதற்கு ஆளில்லாத மொழிகளில் இருந்த நூல்கள், பக்கங்கள் உதிர்ந்துபோன சுவடிகள் ஆகிய எல்லாமே கத்திக்கு இலக்காயின. விவிலியமும் தப்பவில்லை. பாரிசில் உள்ள எஃப்ரேமி சுவடி, 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட விவிலியம். 12ஆம் நூற்றாண்டில் அதை அழித்து, சிரியாவின் புனித எஃப்ரேமுடைய உரைகளின் கிரேக்க மொழிபெயர்ப்பை அதன் மேல் எழுதினார்கள். 691–692இல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) கூடிய திருச்சபைப் பேரவை, மறைநூல் ஏடுகளை வெட்டவோ சிதைக்கவோ கூடாது என்று விதி வகுத்ததிலிருந்தே, அப்படிச் செய்பவர்கள் இருந்தார்கள் என்பது விளங்கும். அழித்தவர்களின் மனத்தில் இருந்தது பகை என்பதைவிடத் தேவை என்று கொள்வதே நியாயம். அதோடு, அழித்து எழுதப்பட்டதாலேயே அந்தத் தோல் பயனுள்ள நூலாகித் தொடர்ந்து காக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. அப்படிப் பயன்படாமல் கிடந்த எத்தனையோ ஏடுகள் சுவடே இன்றிப் போய்விட்டன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடியெழுத்தைத் தேடிப் படிக்கும் ஆர்வம் ஐரோப்பாவில் பெருகியது. 1816இல் வெரோனா நகரின் ஆலய நூலகத்தில், புனித ஜெரோமின் கடிதங்களுக்கு அடியில், 2ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட ஆசிரியர் காயுஸின் சட்டப் பாடநூலை நீபூர் என்னும் ஜெர்மானிய வரலாற்றறிஞர் அடையாளம் கண்டார். 1819இல் வத்திக்கான் நூலகத்தில், சங்கீதங்களுக்குப் புனித அகுஸ்தீன் எழுதிய விரிவுரைக்கு அடியில், சிசரோவின் அரசியல் நூலான ‘தே ரெபூப்ளிகா’வின் பெரும்பகுதிகளை ஆஞ்ஜெலோ மாய் கண்டெடுத்து 1822இல் பதிப்பித்தார். அந்நூலின் இறுதியில் வரும் கனவுப் பகுதியும், பிறர் எடுத்தாண்ட சில துண்டுகளும் மட்டுமே அதுவரை உலகுக்குத் தெரிந்திருந்தன. அழித்தெழுதிய தாளைப் பற்றி நண்பரைச் சீண்டிய அதே சிசரோவின் நூல், அழித்தெழுதிய ஏட்டின் அடியிலிருந்தே மீண்டது.

ஆனால் அந்த மீட்புக்கு ஏடுகள் கொடுத்த விலை அதிகம். மங்கிய எழுத்தைக் கருமையாக்குவதற்கு மாசிக்காய்ச் சாற்றையும், பின்னர் பொட்டாசியம் ஃபெரோசயனைடையும் அமிலத்தையும் கொண்ட கரைசல்களையும் பக்கங்களில் பூசினார்கள். சில நாள்கள் எழுத்து துலங்கியது. பிறகு பக்கம் முழுவதும் பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, தோலும் அரிக்கத் தொடங்கியது. இன்று வெரோனாவிலும் வத்திக்கானிலும் உள்ள சில பக்கங்களை, அவற்றைக் கண்டெடுத்தவர்கள் பார்த்த அளவுக்குக்கூட நம்மால் பார்க்க முடியாது. 1898இல் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனில் சுவடிப் பாதுகாப்புக்கென்று பன்னாட்டு மாநாடு கூடியதற்கு இந்தச் சேதமும் ஒரு காரணம்.

பாலிம்ப்செஸ்ட் என்றவுடன் அறிஞர்கள் முதலில் நினைப்பது ஆர்க்கிமிடீஸ் சுவடியைத்தான். அது அத்தனை சிறப்புக்கும் தகுதியுடையது. ஆர்க்கிமிடீஸின் நூல்களை 10ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் தோலேட்டில் படியெடுத்தார். 1229இல் அந்தச் சுவடி பிரிக்கப்பட்டு, எழுத்துச் சுரண்டப்பட்டு, தாள்கள் குறுக்காகத் திருப்பி மடிக்கப்பட்டு, வேறு பல பழஞ்சுவடிகளின் தாள்களோடு சேர்த்து ஒரு கிரேக்கச் செப நூலாக்கப்பட்டது. அதனால் அடியெழுத்தும் மேலெழுத்தும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுகின்றன. ஆர்க்கிமிடீஸின் ஒரு பக்கம் செப நூலில் இரண்டு பக்கங்களாகி, நடுவில் தையல் விழுந்திருக்கிறது. 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்று, உருப்பெருக்கியின் துணையோடு அடியெழுத்தின் பெரும்பகுதியைப் படித்தார். ‘முறை’ என்ற தலைப்புடைய நூல் அதில் இருந்தது. வேறு எங்கும் அது கிடைக்கவில்லை. எரடோஸ்தனீஸ் என்னும் கிரேக்க அறிஞருக்கு எழுதிய அந்த நூலில், வடிவங்களை மெல்லிய சீவல்களாகக் கற்பனை செய்து, அவற்றை ஒரு தராசுக்கோலில் நிறுத்துப் பார்ப்பதன் மூலம் கோளத்தின் கனஅளவு போன்ற முடிவுகளைத் தாம் எப்படி முதலில் கண்டடைந்தார் என்பதை ஆர்க்கிமிடீஸே விளக்குகிறார். ஒரு பெரிய அறிவாளி தம் முடிவுகளைத் தருவது வழக்கம். அவற்றை எட்டிய வழியை மனந்திறந்து சொல்வது அரிது. அப்படியொரு நூல் ஒரே ஒரு செப நூலின் வரிகளுக்கு அடியில் ஏறத்தாழ 700 ஆண்டுகள் கிடந்தது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பிறகு அந்தச் சுவடி தனியார் கைகளுக்குப் போய், பூஞ்சையால் சிதைந்தது. விலையை உயர்த்தும் நோக்கத்துடன் யாரோ நான்கு பக்கங்களின் மேல் பொன் பூசிய போலி ஓவியங்களையும் வரைந்துவிட்டார்கள். 1998இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம்போன அச்சுவடியை, வாங்கியவர் பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் ஆய்வுக்காக ஒப்படைத்தார். இம்முறை யாரும் அமிலம் பூசவில்லை. வெவ்வேறு அலைநீள ஒளியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, அந்தப் படங்களைக் கணினியில் இணைத்து, மேலெழுத்தை மங்கவைத்து அடியெழுத்தைத் துலக்கினார்கள். ஓவியத்தால் மறைந்த பக்கங்களை ஸ்டான்ஃபோர்டில் உள்ள துகள்முடுக்கி ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்று எக்ஸ் கதிருக்கு உட்படுத்தினார்கள். மையில் எஞ்சியிருந்த இரும்பு ஒளிர்ந்து, பொன்பூச்சுக்கு அடியில் இருந்த எழுத்தைக் காட்டிக்கொடுத்தது. அதே செப நூலின் வேறு தாள்களில் ஏதென்சு நகரப் பேச்சாளர் ஹைபரிடீஸின் உரைகளும், அரிஸ்டாட்டிலின் நூல் ஒன்றுக்கு எழுதிய பழைய விளக்கவுரையும் கிடைத்தன.

சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கேத்தரின் மடாலயம் இத்தகைய ஏடுகளின் பெருங்களஞ்சியம். அங்கே ஜார்ஜிய மொழி எழுத்துக்கு அடியில், காக்கசுப் பகுதியில் வழங்கி மறைந்துபோன அல்பானிய மொழியின் நூற்பகுதிகள் கண்டறியப்பட்டன. ஐரோப்பாவின் இன்றைய அல்பேனியாவுக்கும் அந்த மொழிக்கும் தொடர்பில்லை. சில கல்வெட்டுத் துண்டுகளும் ஓர் எழுத்துப் பட்டியலும் தவிர வேறு தடயம் இல்லாதிருந்த அம்மொழியைப் படிக்க வழிசெய்தவை இந்தச் சுரண்டிய தாள்களே. அதே மடாலயத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் மற்றொரு சுவடியின் அடியெழுத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டு வானியலாளர் ஹிப்பார்க்கஸ் அளந்த விண்மீன் ஆயத்தொலைவுகளின் ஒரு பகுதி இருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவருடைய விண்மீன் பட்டியல் அடியோடு தொலைந்துவிட்டதென்றே அதுவரை கருதப்பட்டது.

இந்தக் கண்டுபிடிப்புகள் பொதுமக்களை எட்டிய 19ஆம் நூற்றாண்டில்தான் சொல்லும் சுவடி அறையை விட்டு வெளியே வந்தது. 1845இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி எழுதிய ஒரு கட்டுரை மனித மூளையையே பாலிம்ப்செஸ்ட் என்றது. ஒவ்வொரு அனுபவமும் முந்தையதைப் புதைப்பதுபோலத் தோன்றினாலும் எதுவும் அழிவதில்லை என்பது அவர் வாதம். அதன்பின் அறிவியல் துறைகளும் இச்சொல்லை எடுத்துக்கொண்டன. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறையில், மாறுவதற்கு முன்பிருந்த அமைப்பின் சாயல் தெரிந்தால், நிலவியலார் அதை பாலிம்ப்செஸ்ட் அமைப்பு என்பார்கள். வியாழனின் நிலவுகளான கானிமீடிலும் கலிஸ்டோவிலும், மோதலால் ஏற்பட்ட பெரும்பள்ளங்கள் பனிப்பரப்பின் இளக்கத்தால் சமதளமாகி, வெளிறிய வட்டமாக மட்டும் எஞ்சியிருக்கும் இடங்களுக்கும் கோளியலார் இதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இவ்விரண்டும் அருமையான ஆட்சிகள். முந்தையது அழிந்திருக்கிறது, ஆனால் முற்றாக அழியவில்லை. இங்கிலாந்துத் தேவாலயங்களில், பழைய கல்லறைப் பித்தளைத் தகட்டைப் புரட்டி, பின்புறத்தில் புதிதாகச் செதுக்கியவற்றையும் பாலிம்ப்செஸ்ட் என்றே சொல்வதுண்டு. வழக்கு நிலைத்துவிட்டாலும், அங்கே சுரண்டல் இல்லாததால் சொல் சற்றே இழுபடுகிறது என்று நினைக்கிறேன்.

இனி மூன்றாவது கேள்விக்கு வரலாம். அடுக்குகள் இருப்பதாலேயே ஒன்று பாலிம்ப்செஸ்ட் ஆகிவிடாது. ஒரே பரப்பு, வேண்டுமென்றோ இயற்கையாகவோ நிகழ்ந்த அழிப்பு, அந்த அழிப்பையும் மீறி எஞ்சிய சுவடு ஆகிய மூன்றும் கூடும்போதே சொல் தன் முழுப் பொருளோடு நிற்கிறது. ஒரு நூலின் ஓரங்களில் பலர் எழுதிய குறிப்புகளைப் பாலிம்ப்செஸ்ட் என்பது பிழை. அங்கே எதுவும் அழிக்கப்படவில்லை. ஓவியர் தம் வரைவை மாற்றிக்கொண்டு மேலே வேறு வண்ணம் தீட்டியது தெரியவந்தால், அதற்கு ‘பென்டிமென்டோ’ என்ற தனிச்சொல் இத்தாலிய மொழியிலிருந்து ஏற்கெனவே இருக்கிறது. நகரத்தைப் பொறுத்தவரை, பழைய கட்டடங்களும் புதிய கட்டடங்களும் அருகருகே நிற்பதை மட்டும் பார்த்து அச்சொல்லை எடுத்தாள்வது தளர்ந்த வழக்கு. இடித்துத் தள்ளிய மதிலின் தடத்திலேயே இன்றைய சாலை வளைந்து செல்வதை ஒருவர் சுட்டிக்காட்டி அந்த நகரைப் பாலிம்ப்செஸ்ட் என்பாரானால், அவர் சொல்லை அறிந்தே பயன்படுத்துகிறார். ரோம் நகரின் நவோனா சதுக்கம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு: பேரரசர் டொமிஷியன் 1ஆம் நூற்றாண்டில் கட்டிய விளையாட்டரங்கம் மறைந்துவிட்டது, ஆனால் அதன் இருக்கை வரிசைகளின் மேல் எழுந்த வீடுகள், அந்த அரங்கின் நீண்ட வடிவத்தையும் வளைந்த முனையையும் சதுக்கத்தில் இன்றும் அப்படியே வைத்திருக்கின்றன.